பத்து மீட்டரில் ஒன்றும் இல்லை

மருதப்பனுக்கு அருவருப்புத் தராத பொருள் ஒன்று இந்தச் சிங்கப்பூரில் இருப்பதாக அவர் மனைவி விசாலாட்சிக்கு முப்பது வருடத்தில் தெரிந்ததில்லை. தேக்கா சந்தையின் ஈரத் தரை, மீன்காரர் கத்தி துடைக்கும் துணி, எம்ஆர்டி ரயிலின் கைப்பிடிக் கம்பி, காப்பிக்கடை மேசையில் முன்னால் சாப்பிட்டவர் விட்டுப்போன குழம்பு வட்டம், லிஃப்டுக்குள் யாரோ வைத்துவிட்டுப் போன டுரியான் வாடை என்று பட்டியல் போட்டால் அது பூன் லேயில் தொடங்கித் தீவின் அந்தக் கோடி வரைக்கும் போகும். சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடையில் வாழையிலையை இரண்டு முறை கழுவிவிட்டு மூன்றாம் முறைக்கும் தண்ணீர் கேட்டவர் அவர். பரிமாறுகிறவர், "சார் சாப்பிட வந்தீங்களா, குளிக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டார். அதோடு அந்தக் கடைப் பக்கம் போவதில்லை.

"பொறக்கறப்பவே மூக்கச் சுளிச்சுக்கிட்டுத்தான் பொறந்திருப்பீங்க," என்பாள் விசாலாட்சி. அவள் ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசையில் இருக்கிறாள். நாள் முழுக்க ஊரார் வாயைப் பார்க்கிறவள். அவளுக்கு எதுவும் அருவருப்பில்லை.

பொருளை விட மனிதர்கள்தான் அவருக்கு ஆகாது. அரைகுறையாக வேலை செய்கிறவனைக் கண்டால் அவருக்கு வயிற்றைப் புரட்டும். இது உவமை இல்லை, நிஜமாகவே புரட்டும். பசைநாடாவைக் கோணலாக ஒட்டுகிறவன், திருகாணியை முக்கால் சுற்றில் விட்டுவிடுகிறவன், படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன், இவர்களெல்லாம் அவர் கணக்கில் சாக்கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஐம்பத்தேழு வயதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு வெறுப்பு ஆகாது என்று மருத்துவர்கூடச் சொல்லிவிட்டார். மருத்துவரின் மேசை தூசியாக இருந்ததைத்தான் மருதப்பன் வீட்டுக்கு வந்து சொன்னார்.

அப்படிப்பட்டவர் பார்த்த வேலை குழாய் பார்க்கிற வேலை. ஜூரோங் பக்கத்து ஆலைகளில் குழாய்கள் மைல் கணக்கில் ஓடும். சூடு இறங்காமல் இருக்கக் குழாய்க்கு மேல் கனமான பஞ்சைச் சுற்றி, அதற்கு மேல் தகரம் போர்த்தியிருப்பார்கள். தகரத்தின் இடுக்கில் மழைத்தண்ணீர் இறங்கிவிட்டால் பஞ்சு அதைக் குடித்துக்கொண்டு வருடக்கணக்காக அப்படியே இருக்கும். உள்ளே இரும்பு அரித்துப் போவது வெளியே தெரியாது. அத்தனையையும் உரித்துப் பார்க்க எந்த ஆலைக்கும் நேரமில்லை. அதனால் மருதப்பன் போன்றவர்களைக் கூப்பிடுவார்கள். அவர் குழாயின் ஒரே ஒரு இடத்தில் ஒரு வளையத்தை மாட்டி, அதன் வழியாகக் குழாயின் உடம்புக்குள்ளேயே ஒரு சின்ன அலையை அனுப்புவார். அது குழாயோடு ஓடி, அரித்துப்போன இடத்தில் முட்டித் திரும்பும். போய்வர எவ்வளவு நேரம் என்று பார்த்து, வேகத்தால் பெருக்கி, பாதியாக்கினால் கெட்ட இடம் எத்தனை மீட்டரில் என்று வந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் தகரத்தைத் திறந்தால் போதும்.

இருபத்தோரு வருடமாக இதைச் செய்கிறார். இந்த வேலைக்கென்று உள்ள பரீட்சை இரண்டையும் எழுதித் தேறி, படம் போட்ட அட்டை வைத்திருக்கிறார். சட்டைப் பையில் அது எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். உறையை வாரத்துக்கு ஒரு தடவை துடைப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை, தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால், அவர் ஓர் ஆலையில் சாரத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். மேலே ஆலையின் பாதுகாப்பு அதிகாரி அன்வர் தகரத்தைத் திறந்து பஞ்சை விலக்கிக்கொண்டிருந்தார். காஸ்டிக் சோடா கலந்த சூடான தண்ணீர் ஓடும் குழாய் அது. தோலில் பட்டால் தோல் கையோடு வரும். இரண்டு வாரப் பராமரிப்புக்காகக் குழாயைக் காலி செய்து வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் திரும்ப ஓடும். மருதப்பனின் கருவி முந்தின நாள் பத்து மீட்டரில் ஒரு கெட்ட இடத்தைக் காட்டியிருந்தது, அதுவும் லேசான கெட்ட இடமில்லை. பத்து மீட்டருக்கு அந்தப் பக்கம் அரை மீட்டர், இந்தப் பக்கம் அரை மீட்டர் என்று திறந்து பார்த்தார்கள்.

"மருதண்ணே," என்று மேலேயிருந்து குரல் வந்தது. "புது மாப்பிள்ள மாதிரி பளபளன்னு இருக்கு லா. பெயின்ட்டுகூட உரியல."

மருதப்பன் ஏணியில் ஏறிப் பார்த்தார். உண்மைதான். குழாய் புதிதாக வந்த நாளில் அடித்த சாயம் அப்படியே இருந்தது.

"இது மூணாவது தடவ," என்றார் அன்வர். கீழக்கரைப் பக்கத்துக் குடும்பம், தாத்தா காலத்திலேயே இங்கே வந்து கடை போட்டவர்கள். பேச்சில் எப்போதும் ஒரு மரியாதை இருக்கும். இன்றைக்கு அதைப் பிடித்து நிறுத்த அவர் சிரமப்படுவது தெரிந்தது. "ரெண்டு தடவ வேற லைன்ல திறந்தோம், ஒண்ணும் இல்ல. இப்ப இது. உங்க மெஷினு பேயப் பாக்குது போல."

"மெஷின்ல ஒண்ணும் இல்ல பாய். செட்டிங் போடுறவன் ஒழுங்கா போடணும்."

இதை அவர் கீழே நின்ற ரமணனைப் பார்த்துத்தான் சொன்னார். ரமணன் அவருடைய நிறுவனத்துப் பொறியாளன், முப்பத்தொரு வயது. மருதப்பன் எழுதும் ஒவ்வொரு அறிக்கைக்கும் மேலே கையெழுத்துப் போடும் அதிகாரம் அவனுக்கு உண்டு. தலைக்கு ஜெல், சட்டைக்கு வாசனைத் தண்ணி, பாதுகாப்புத் தொப்பிக்குள் கைக்குட்டை. இவன் சாரத்தில் ஏறி யாரும் பார்த்ததில்லை.

"கோஸ்ட் எக்கோ," என்றான் ரமணன், ஃபோனில் எதையோ தட்டிக்கொண்டே. "சில நேரம் வரும் பாஸ். ரிப்போர்ட்ல 'நோ டிஃபெக்ட் ஃபவுண்ட்'னு போட்டு குளோஸ் பண்ணிடலாம்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மருதப்பன் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டார். பேய் எதிரொலியாம். படித்த படிப்பு பல்லிளிக்கிறது. தகரத்தை மூடினார்கள். அறிக்கையில் ரமணன் கையெழுத்துப் போட்டான், அதற்குக் கீழே மருதப்பனும் போட்டார்.

அந்தக் குழாய்க்குப் பத்தடி கீழே ஒரு தகரக் கொட்டகை உண்டு. பதினான்கு தொழிலாளிகள் மதியம் சாப்பிடும் இடம். காலை ஐந்து மணிக்குக் கட்டிக்கொண்டு வரும் சோற்றுப் பொட்டலங்களை எறும்புக்குப் பயந்து கம்பியில் மாட்டியிருப்பார்கள். பகல் பன்னிரண்டுக்குள் குழம்பு புளித்துவிடும். பெஞ்சில் எண்ணெய்ப் பிசுக்கு, கீழே ஈ. "உக்காந்து சாப்பிடுங்க அண்ணே," என்று ஒருமுறை அங்கே யாரோ இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். மருதப்பன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு லாரிக்குப் போய் நின்றுகொண்டே சாப்பிட்டார். அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தைப்பூசம். விசாலாட்சியின் தம்பி மகன் திலீப் காவடி எடுத்தான். காலை ஏழு மணிக்குப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பாடு. வேல் குத்திய இடத்தை மருதப்பனால் பார்க்க முடியாது. அதனால் அவருக்கு ஒதுக்கிய வேலை வேறு: மாற்றுத் துணி, துண்டு, வெந்நீர்க் குடுவை எல்லாம் எடுத்துக்கொண்டு ரயிலில் போய், ஊர்வலம் முடியும் டேங்க் ரோடு கோயிலுக்குப் பக்கத்தில் காத்திருப்பது.

"எத்தன மணிக்கு வந்து சேரும்னு பாத்துச் சொல்லுங்க," என்றாள் விசாலாட்சி. அவள் காவடியோடு நடக்கிறவள். "அங்க வந்து நிக்கிற அண்ணிக்கு ஃபோன் பண்ணணும். மாத்திர சாப்பிட்டுட்டு அவங்க ரொம்ப நேரம் நிக்க முடியாது."

கணக்கென்றால் மருதப்பனுக்கு உற்சாகம்தான். ஃபேரர் பார்க் நிலையத்துக்குப் போகும் வழியில், கூட்டத்தோடு கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார். திலீப்பின் காவடியைச் சுற்றி முப்பது பேர் மஞ்சள் சட்டையில் ஒரே கொத்தாகப் போனார்கள். ஒரு மஞ்சள் சட்டைக்காரனைக் குறிவைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவன் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குப் போக எத்தனை விநாடி, கம்பத்துக்குக் கம்பம் எத்தனை அடி, மொத்த தூரம் எவ்வளவு. மனக்கணக்கிலேயே போட்டுவிட்டார். ஒன்பது மணி. விசாலாட்சிக்கு உரக்கச் சொல்லிவிட்டு ரயிலேறினார்.

டோபி காட் நிலையத்தில் இறங்கி வெளியே வந்ததிலிருந்து அருவருப்பு தொடங்கிவிட்டது. சாலை ஓரமெல்லாம் சிந்திய பால் வெயிலில் புளித்து நாறியது. மிதிபட்ட எலுமிச்சை. தண்ணீர்ப் பந்தலில் குடித்துவிட்டு எறிந்த காகிதக் குவளைகளை ஒருவர் பொறுக்க, இன்னொருவர் திரும்பவும் எறிந்தார். பக்கத்தில் நின்ற ஆளின் வியர்வை இவர் முழங்கையில் பட்டுவிட்டது. கையிலிருந்த வெந்நீரில் பாதி அதைக் கழுவத் தீர்ந்தது. ஒன்பது மணி ஆயிற்று. திலீப் வரவில்லை. ஒன்பதரை ஆயிற்று. மஞ்சள் சட்டை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மாத்திரை போட்ட அண்ணி பத்து மணி வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு டாக்சி பிடித்துப் போய்விட்டார்.

திலீப் வந்து சேர்ந்தபோது பதினொன்றாகப் பத்து நிமிடம் இருந்தது.

"ஒம்போதுன்னு சொன்னீங்க!" விசாலாட்சிக்கு நடந்த களைப்பைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. "அண்ணி போயிட்டாங்க. இனிமே ஒரு மாசத்துக்கு இதையே சொல்லிக் காட்டுவாங்க."

"நான் சரியாத்தான் பாத்தேன். மஞ்சள் சட்டக்காரன் ஒருத்தன் நடக்கற வேகத்த அளந்துதான் சொன்னேன்."

"எந்தச் சட்டக்காரன்? நம்ம பசங்களா? அவனுங்க எங்க நடந்தானுங்க? பின்னால இருந்து வேகமா நுழைஞ்சு வருவானுங்க, காவடியத் தாண்டி முன்னால போவானுங்க, போனவுடனே ஓரமா உக்காந்துடுவானுங்க. நாங்க கடந்து போனதும் திரும்பப் பின்னால வந்து ஒட்டிக்குவானுங்க. பாதி வழிக்கு இதே கூத்து. அவன் வேகத்த வெச்சு டைம் சொன்னா? காவடி எப்ப வரும்னு தானே கேட்டேன்? காவடி போற வேகம் வேற, அவன் ஓடுற வேகம் வேற இல்லையா?"

மருதப்பனுக்கு ஆலைக் குழாய் ஞாபகம் வந்தது.

அலையும் அப்படித்தான். குழாய்க்குள் அனுப்புவது ஒற்றை முகடு இல்லை, பத்துப் பன்னிரண்டு முகடுகள் சேர்ந்த ஒரு கொத்து. ஒவ்வொரு முகடும் கொத்தின் பின்பக்கம் முளைத்து, வேகமாக உள்ளே ஓடி, முன்பக்கம் போய்த் தேய்ந்து மறைந்துவிடும். முகடு ஓடும் வேகத்துக்கு ஃபேஸ் வெலாசிட்டி என்று பெயர். கொத்து மொத்தமாக நகர்ந்து போவது குரூப் வெலாசிட்டி. முட்டித் திரும்பி வருவது கொத்து. தூரத்தைக் கொத்தின் வேகத்தில்தான் போட வேண்டும். பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்து எழுதியவர்தான் அவர். ஆனால் இருபது வருடமாக அவர் அனுப்பியது குழாயை முறுக்கிக்கொண்டு போகும் அலை. அந்த அலைக்கு மட்டும் இரண்டு வேகமும் ஒன்றே. கருவியில் இரண்டு கட்டம் இருக்கும், இரண்டிலும் ஒரே எண்ணைப் போட வேண்டியதுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் நிறுவனம் புது வளையம் வாங்கியது. அது குழாயை நீளவாக்கில் தள்ளி இழுக்கும் அலை. அதற்கு முகட்டின் வேகம் விநாடிக்கு ஐயாயிரம் மீட்டர், கொத்தின் வேகம் நாலாயிரத்து இருநூறு.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்தக் குழாயில் வளையத்திலிருந்து சரியாக ஐந்து மீட்டரில் ஒரு வெல்டு, இரண்டு குழாயைப் பற்றவைத்த இணைப்பு, உண்டு. பஞ்சு சுற்றாத மொட்டைப் பகுதி, கையால் தொட்டுப் பார்க்கலாம். திரையில் ஐந்தில் ஒன்றுமே இல்லை. ஆறை ஒட்டி ஒரு மேடு இருந்தது. ஆறு மீட்டரில் பஞ்சு தொடங்கும் இடத்தில் ஒரு இரும்புப் பட்டை உண்டு, அதன் மேடு என்று நினைத்துவிட்டார்கள். அது பட்டை இல்லை. அது வெல்டு, தூரத்தை முகட்டின் வேகத்தில் போட்டதால் தள்ளித் தெரிந்திருக்கிறது. ஐந்தை ஆறாகக் காட்டுகிற கருவி, எட்டு நாற்பதைத்தான் பத்து என்று காட்டும்.

எட்டு மீட்டர் நாற்பது. கொட்டகைக்கு நேர் மேலே.

"என்னங்க? வெயிலு ஒத்துக்கலையா?" என்றாள் விசாலாட்சி.

அவர் முகத்தில் வந்தது மயக்கமில்லை. வெட்கமில்லாமல் சொன்னால் அது ஆனந்தம். பிடித்துவிட்டார் திருடனை. அந்த ஜெல் மண்டை, கோஸ்ட் எக்கோ மண்டை, வேகத்தை மாற்றிப் போட்டிருக்கிறான். பட்டப்படிப்புப் படித்த அழகு இதுதான். பால் வாடையையும் மறந்து, கோயில் வாசலில் நின்றபடியே ரமணனுக்கு ஃபோன் போட்டார்.

"தம்பி, பேயக் கண்டுபிடிச்சிட்டேன். ரெண்டு கட்டத்துலயும் ஃபேஸ் வெலாசிட்டியவே போட்டு வெச்சிருக்கீங்க. யுனிவர்சிட்டில இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

மறுமுனையில் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் கலைகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ரமணன் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, செட்டப் ஃபைல் என்னோடது இல்ல. லேப்டாப் உங்ககிட்டதான இருக்கு? ஓப்பன் பண்ணி யார் கிரியேட் பண்ணதுன்னு பாருங்க."

பூன் லே வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவி, லேப்டாப்பைத் துணியால் துடைத்துவிட்டுத் திறந்தார். மதியம் இரண்டு மணி. அடுப்படியில் விசாலாட்சி ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். கோப்பைத் தேடி எடுத்தார். முகட்டு வேகம், ஐயாயிரம். கொத்து வேகம், ஐயாயிரம். உருவாக்கியவர் என்ற இடத்தில் இரண்டே எழுத்து. அவருடைய பெயரின் எழுத்துகள்.

தேதியைப் பார்த்தார். புது வளையம் வந்த நாள். ஞாபகம் வந்தது. ரமணன் அன்றைக்கு விடுப்பு. பக்கத்து மேசைக்காரர் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நெத்திலியைக் கையால் கிளறிக்கொண்டிருந்தார். அந்த வாடையிலிருந்து எழுந்து போனால் போதும் என்று மருதப்பனுக்கு இருந்தது. வேக வரைபடத்தில் முதல் தாளைப் பார்த்தார், எண்ணைப் போட்டார், பழக்க தோஷத்தில் இரண்டாவது கட்டத்திலும் அதையே போட்டார். இரண்டாவது தாளைப் புரட்டவே இல்லை.

அதோடு போகவில்லை. ஒவ்வொரு குழாயிலும் கருவியை நம்புவதற்கு முன்னால் தெரிந்த வெல்டு ஒன்றை நாடாவால் அளந்து, திரையோடு ஒத்துப்பார்த்து, படிவத்தில் ஒரு டிக் போட வேண்டும். இருபது வருடத்தில் அது ஒத்துப்போகாமல் இருந்ததே கிடையாது. அதனால் எப்போதோ ஒரு காலத்திலிருந்து, காலையில் படிவத்தை எடுத்ததுமே, வளையத்தை மாட்டும் முன்னாலேயே அந்த டிக்கைப் போட்டுவிடுவது அவர் வழக்கமாகியிருந்தது. புது வளையம் வந்தபின் பதினொரு அறிக்கைகள். பதினொரு டிக். அழகான, கோணாத, நீல மை டிக். பார்க்கப் பார்க்க அவருக்கு வயிற்றைப் புரட்டியது. இந்த முறை எழுந்து போக வேறு இடம் இல்லை. குளியலறைக்குப் போய் நிஜமாகவே வாந்தி எடுத்தார்.

"பால் வாடைதான்," என்றாள் விசாலாட்சி கதவுக்கு வெளியிலிருந்து. "ரசம் குடிங்க, சரியாயிடும்."

ரமணன் திரும்பக் கூப்பிட்டான். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் மருதப்பனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அண்ணே, பாத்தீங்களா? நானும் சைன் பண்ணியிருக்கேன், ரெண்டு பேருக்கும்தான் அடி. நான் சொல்றதக் கேளுங்க. ஃபைல இப்ப கரெக்ட் பண்ணிடுங்க. சாஃப்ட்வேர் அப்டேட்ல ஏதோ மாறிடுச்சின்னு ஒரு மெயில் போட்டுக்கலாம். யார் பேரும் வராது. பழைய லைனெல்லாம் அடுத்த ஷட்டவுன்ல நாமளே கமுக்கமா திரும்பப் பாத்துடுவோம்."

"அடுத்த ஷட்டவுன் எப்ப?"

"ஆகஸ்ட்."

"நாளைக்கு எட்டு மணிக்கு லைன் ஓடுது தம்பி."

"இத்தன வருஷம் ஓடின லைன்தானே. ஆறு மாசம் தாங்காதா?" என்றான் ரமணன். "உங்க கார்டு போயிடும் அண்ணே. இந்த வயசுல திரும்பப் பரீட்ச எழுதுவீங்களா?"

மருதப்பன் ஃபோனை மேசையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தார். படத்தில் இருந்த ஆள் இருபத்தோரு வருடத்துக்கு முந்தைய ஆள். அப்போதே மூக்கு லேசாகச் சுளித்திருந்தது. இந்த அட்டையை இழந்தால் அவர் யார்? ஊரில் எல்லாரையும் பார்த்து மூக்கைச் சுளிக்க அவருக்கு இருந்த உரிமைச்சீட்டே இதுதான். அப்டேட்டில் மாறிவிட்டது என்றால் கேட்க யாரும் இல்லை. ரமணன் சொல்வது நடக்கக்கூடியது. ஆறு மாதம் தாங்கவும் தாங்கலாம். நேற்றுவரை வேறு எவனாவது இப்படி ஒரு மின்னஞ்சலை எழுதியிருந்தால் அவனோடு ஒரே மேசையில் உட்கார மாட்டார். இன்றைக்கு அந்த மின்னஞ்சலின் முதல் வரி அவர் தலைக்குள்ளேயே தயாராக நின்றது, நல்ல ஆங்கிலத்தில். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சீ என்று வந்தது. கொட்டகைப் பெஞ்சும், கம்பியில் தொங்கும் பதினான்கு பொட்டலமும் கண்ணுக்கு முன்னால் வந்தன. யாருடைய பெயரும் அவருக்குத் தெரியாது. இடம் ஒதுக்கிக் கொடுத்தவன் முகம்கூட ஞாபகமில்லை.

அன்வருக்கு ஃபோன் போட்டார்.

"பாய், நாளைக்குக் காலைல லைன ஓட்டாதீங்க."

"என்ன மருதண்ணே, தைப்பூசமும் அதுவுமா? ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னு உங்க எஞ்சினியர் சைன் பண்ணிக் குடுத்துட்டாரே."

"ரிப்போர்ட் தப்பு. பத்து மீட்டர்ல ஒண்ணும் இருக்காது. எட்டு நாப்பதுல திறக்கணும். வேகத்துக்குப் போட்ட நம்பர் தப்பு."

"யார் போட்ட நம்பர்?"

ரமணனின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. அப்டேட் என்ற சொல்லும் அதற்குப் பக்கத்தில் வந்து நின்றது. அடுப்படியில் ரசம் தாளிக்கும் சத்தம் கேட்டது.

"நான் போட்டது," என்றார் மருதப்பன். "வெல்டு செக் பண்ணேன்னு டிக் போட்டதும் நான்தான். செக் பண்ணல."

"காலைல ஆறு மணிக்கு வாங்க," என்று சொல்லிவிட்டு அன்வர் ஃபோனை வைத்துவிட்டார்.

காலை ஆறரைக்குத் தகரத்தைத் திறந்தார்கள். திறக்கும்போதே வாடை வந்துவிட்டது. வருடக்கணக்காகத் தேங்கிய தண்ணீரின் அழுகல் வாடை. பஞ்சு கறுத்துக் கூழாகியிருந்தது. கையுறையோடு அள்ளியபோது விரலிடுக்கில் பழுப்பாக வடிந்தது. அதற்குள்ளே இரும்பு இல்லை, அடுக்கடுக்காக உரிந்து வரும் துருதான் இருந்தது. மருதப்பன் மூக்கைப் பொத்தவில்லை. அன்வர் சுரண்டியை எடுத்து ஒரு இடத்தில் வைத்து லேசாக அழுத்தினார். சுரண்டி கைப்பிடி வரைக்கும் உள்ளே போயிற்று.

பிறகு அன்வர் குனிந்து கீழே பார்த்தார். கொட்டகையில் காலை வேலைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பொட்டலத்தைக் கம்பியில் மாட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேலே பார்த்துக் கையசைத்தார். அன்வர் திருப்பிக் கையசைக்கவில்லை.

திட்டப் போகிறார் என்று மருதப்பன் காத்திருந்தார். நல்லவேளை சொன்னீர்கள் என்று ஒரு வார்த்தை வருமோ என்றும் உள்ளுக்குள் ஒரு மூலையில் காத்திருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டும் வரவில்லை. அன்வர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, மூக்கின் ஓரம் மேலே ஏறியது. அந்த முகத்தை மருதப்பனுக்கு நன்றாகத் தெரியும். ஐம்பத்தேழு வருடமாக ஊருக்கெல்லாம் அவர் காட்டிய முகம். அதை எதிரே நின்று பார்ப்பது எப்படி இருக்கும் என்று இதுவரை தெரியாமல் இருந்தது.

"இதே நம்பர்ல இன்னும் எத்தன லைன்?" என்றார் அன்வர்.

"பத்து. உங்ககிட்ட ரெண்டு. மத்தது வேற ஆலைங்கள்ல."

"எங்கெங்க?"

மருதப்பன் சாரத்துப் பலகையிலேயே, அந்தக் கறுத்த பஞ்சுக் கூழுக்குப் பக்கத்தில், துடைக்காமல் உட்கார்ந்தார். துருக் கையோடு லேப்டாப்பைத் திறந்தார்.

"எழுதிக்குங்க பாய்," என்றார்.